வெந்நீர் குண்டானும் அண்டார்டிகாவும்: துருவக் கடலை வீட்டு ஃப்ரிட்ஜில் செய்து பார்ப்பது எப்படி

தர்மபுரியில் எங்கள் வீட்டு வெந்நீர் குண்டானை எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கும். போர் தண்ணீர் காய்ச்சுகிற வீடுகளில் புதிதல்ல, அம்மா அவ்வப்போது புளியை ஊறவைத்துத் தேய்த்து எடுப்பார். இந்தப் பொருக்கும் அண்டார்டிகாவின் கடல் பனிக்குள் இருக்கும் ஒரு படிகமும் பங்காளிகள். துருவக் கடல் காற்றிலிருந்து கரியமில வாயுவை எப்படி இழுத்துக்கொள்கிறது என்ற கதையில் அந்தப் படிகத்துக்கும் பங்குண்டு. நம்ப வேண்டாம், செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: கல் உப்பு, ஒரு சிட்டிகை கேசரி பவுடர், வெற்றிலைச் சுண்ணாம்பு, சாதா சோடா மூன்று பாட்டில், ஃப்ரீசர் உள்ள ஃப்ரிட்ஜ். தண்ணீர் மட்டும் கேன் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு கரைந்திருக்கும், அப்புறம் எது நாம் போட்டது, எது பூமி போட்டது என்று தெரியாது.

படி 1: கடலை உறைய வையுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள், கடல் நீரில் சராசரியாக அவ்வளவுதான் இருக்கும். கேசரி பவுடரையும் போட்டுக் கலக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, அடியிலும் பக்கத்திலும் பழைய துண்டைச் சுற்றி, மேல்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கடலுக்குக் குளிர் மேலிருந்துதானே வருகிறது, அதற்குத்தான் துண்டு. முதல் தடவை நான் துண்டு சுற்றாமல் ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் நடுவில் சிவப்பும் சுற்றிலும் வெளிறிய பனியுமாக ஒரு குல்ஃபி கிடைத்தது.

கடல் நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர வேண்டும், அதனால் பொறுமை வேண்டும். ஒரு விரற்கடை கனத்துக்குப் பனி கட்டியதும் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று அலசி, ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். உப்பு குறைந்திருக்கும், நிறமும் வெளுத்திருக்கும். கீழே மிச்சமிருக்கும் தண்ணீரோ நாக்கில் வைக்க முடியாத கரிப்பு.

பனி கட்டும்போது அதன் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. கரைந்திருக்கும் கரியமில வாயுவுக்கும் அதே கதிதான். எல்லாமே வெளியேறிவிடாது, கொஞ்சம் உப்புநீர் மயிரிழை போன்ற சந்துகளில் மாட்டிக்கொள்ளும் (அந்தச் சந்துகளில் பாசிகள் குடியிருக்கின்றன, அது தனிக் கதை). மற்றது கனமாகி, கரைந்த கார்பனையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கும். அண்டார்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்குவது பிரிட்ஸ் விரிகுடாக் கரையில். அதற்கு மேற்கே டார்ன்லி முனையில் காற்று பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க, திறந்த நீரில் புதுப்பனி கட்டிக்கொண்டே இருக்கும். அங்கே உருவாகும் உப்புநீர் கடலின் அடி ஆழம் வரை போகிறது.

படி 2: சோடா

ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜிலும் இன்னொன்றை வெயிலிலும் ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து பாருங்கள். வெயிலில் வைத்தது பொங்கும். சோடாவில் இருப்பதும் கரியமில வாயுதான். குளிர்ந்த நீர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துருவக் கடலும் அப்படித்தான். 0 டிகிரியில் 25 டிகிரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கரையும்.

படி 3: சுண்ணாம்பு

எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு ஸ்பூன் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிநீரை மட்டும் கண்ணாடி டம்ளரில் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படக்கூடாது, குடிக்கவும் கூடாது, குழந்தைகள் தனியாகச் செய்ய வேண்டாம். இப்போது மூன்றாவது பாட்டிலைத் திறந்து சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முதலில் பாலாகும்: கால்சியம் கார்பனேட். விட்டுக்கொண்டே போனால் மறுபடி தெளியும், ஏனென்றால் அந்த வெள்ளை இன்னும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டாகக் கரைந்துவிடுகிறது. தெளிந்ததைப் பழைய பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் வாயு போய்விடும், வெள்ளை திரும்பி வரும். நம் குண்டான் பொருக்கு!

துருவத்தில் இந்த வேலையை நெருப்புக்குப் பதில் குளிர் செய்கிறது. பனிச் சந்துகளில் உப்புநீர் சுண்டச் சுண்ட, கால்சியமும் பைகார்பனேட்டும் நெருக்கியடித்து இகைட் என்ற படிகமாகின்றன. அதுவும் கால்சியம் கார்பனேட்தான், கூடவே தண்ணீரும் சேர்ந்திருக்கும். கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டிலிருந்து வந்த பெயர். அண்டார்டிகக் கடல் பனியில் இது இருப்பது 2008-இல் வெளியானது. படிகம் உருவாகும்போது விடுபடும் கரியமில வாயு உப்புநீரோடு கீழே போகலாம், படிகம் பனியிலேயே தங்கிவிடும். வசந்தத்தில் பனி உருகும்போது படிகம் கரைந்து, மேல்மட்ட நீரிலிருந்தே வாயுவை வாங்கிக்கொள்கிறது. சோடா விட்டதும் டம்ளர் தெளிந்ததே, அதுதான்.

படி 4: காலண்டரைப் பாருங்கள்

அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல் பனி அங்கே குளிர்காலம் முடியும் செப்டம்பரில் சுமார் 180 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்து இந்தியாவுக்கும் மேல். கோடை முடியும் பிப்ரவரியில் 30 லட்சத்துக்குச் சுருங்கிவிடும். 2023-இல் 18 லட்சத்துக்கே போய்விட்டது. குளிர்காலத்தில் வெளிச்சமில்லை, பாசி வளராது, உயிர்கள் விடும் மூச்சாலும் ஆழத்திலிருந்து ஏறிவரும் நீராலும் கடலில் கரியமில வாயு கூடும். வெளியே விடலாம் என்று பார்த்தால் மேலே பனி மூடி. கோடையில் மூடி திறப்பதற்கும் வெயிலில் பாசி பெருகி நீரிலுள்ள வாயுவைத் தின்று தீர்ப்பதற்கும் சரியாக இருக்கும், கடல் காற்றிலிருந்து இழுக்கும். விடும் நேரத்தில் மூடி, வாங்கும் நேரத்தில் திறப்பு. ஆனால் எல்லாக் கரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சைபீரியக் கரையோரம் ஆறுகளும், உருகிவரும் உறைநிலமும் (ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கும் மண்) கொண்டுவந்து கொட்டும் கார்பனால், சில பகுதிகளில் கடல் வெளியே விடத்தான் செய்கிறது.

சொதப்பினால்: பனிக்கட்டி நிறம் மாறாமல் இருந்தால் வேகமாக உறைந்திருக்கிறது, துண்டை இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள். டம்ளர் பாலாகவே இல்லையென்றால் சோடாவைக் குறை சொல்லாதீர்கள், சுண்ணாம்பு பழசாக இருக்கும். நாள்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து நமக்கு முன்பே கார்பனேட்டாகிவிடும், வெற்றிலைக் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.