வேதியியலைச் செய்து காட்டுகிறீர்களா? இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வீட்டில் டியூஷன் எடுக்கும் நம்மவர்கள் சிலர் இப்போது சின்னச் சின்ன சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் விடையை முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் சோதனையைக் காட்டாதீர்கள். விடை தெரிந்தபின் பிள்ளைகள் எதற்கு உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

கொதிநிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் கொதிக்கிற தண்ணீரில் லேப் தெர்மாமீட்டரை வைத்தால் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும் (காய்ச்சல் பார்ப்பதைப் போட்டுவிடாதீர்கள், அது 42 டிகிரி வரைதான், உடைந்துவிடும்). "தெர்மாமீட்டர் சரியில்லை, 100-னு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைய பாடமே போச்சு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் 97. லீவுக்குச் சென்னை போகும் பிள்ளையை அங்கேயும் அளந்துவரச் சொல்லுங்கள்.

அடுத்து மெழுகுவத்தி சோதனை. இதில்தான் தவறான விளக்கம் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். உடனே "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, காற்றில் அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் வந்துடுச்சு" என்பார்கள். அப்படியல்ல. ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். கவனித்துப் பாருங்கள், தண்ணீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென ஏறுகிறது, ஏனென்றால் சூட்டில் விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். உள்ளே இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே, பின்னே ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர்களையே யோசிக்க விடுங்கள்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தண்ணீர் பார்த்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எலுமிச்சைச் சாற்றிலும் மஞ்சள்தான், வெறும் தண்ணீரிலும் மஞ்சள்தான், அதனால் இதை வைத்து அமிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்திலேயே செம்பருத்திச் சாறும் வையுங்கள், அது அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பாகவும் சோப்புத் தண்ணீரில் பச்சையாகவும் மாறும்.

கடைசியாக, கைதட்டலுக்காக மெத்தனாலை (சட்டென்று தீப்பிடிக்கும் ஒரு வகை ஆல்கஹால்) நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே போகாதீர்கள். ஊற்றும்போது தீ பாட்டிலுக்குள் பாய்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் பீறிட்டு வரும். வகுப்பறையிலேயே மாணவர்கள் மோசமாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். சுடர் நிறம்தான் காட்ட வேண்டுமென்றால், உப்புத் தண்ணீரில் நனைத்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள், மஞ்சள் பளிச்சென்று தெரியும்.