டம்ப் பாதியில் அறுந்தால், தீர்ந்தது யாருடைய மெமரி என்று முதலில் பாருங்கள்

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு லினக்ஸ் சர்வரில் மொத்த மெமரியே 2 ஜிபிதான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் வெப் சர்வரும் அதற்குள்ளேயே ஓடுகின்றன. இரவு 2 மணிக்கு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) ஒன்று, டேட்டாபேஸைக் கோப்பாகப் பிரதி எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப்பை ஓட்டி, அந்த டம்ப்பை ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல் வழியாகச் சுருக்கி வைக்கும். ஒரு நாள் ஒரு டேபிளைத் திரும்ப எடுக்கப் போனால், 16 நாள் கோப்புகளும் ஒரே இடத்தில் அறுந்து கிடக்கின்றன. வயிறு கலங்கிவிட்டது.

கிரான் ஏன் வாயே திறக்கவில்லை? பைப்பில், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் கட்டளை வரிசையில், கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) எடுத்துக்கொள்ளும். டம்ப் செத்தாலும், வந்தவரைக்கும் சுருக்கிவிட்டு ஜிஜிப் வெற்றி என்று 0 கொடுத்துவிடும். அதனால் பாஷ் ஸ்கிரிப்டின் தலையில், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், மற்றது அப்புறம்.

அடுத்து, ஜிஜிப் இல்லாமல் டம்ப்பைக் கையால் ஓட்டிப் பாருங்கள். எனக்கு வந்தது பிழை 2008, அதாவது கிளையண்டுக்கு மெமரி போதவில்லை. இங்கே கிளையண்ட் என்பது டம்ப் நிரலேதான், டேட்டாபேஸ் சர்வர் இல்லை. இதைக் கவனிக்காமல் சர்வர் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு பலனும் இருக்காது.

காரணம் ஸ்கிரிப்டிலேயே இருந்தது: ஸ்கிப்-ஆப்ட் என்ற தெரிவு. டம்ப் நேரத்தில் டேபிள்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று எப்போதோ யாரோ சேர்த்திருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அது பூட்டை மட்டும் எடுப்பதில்லை, குவிக் என்ற தெரிவையும் சேர்த்து அணைத்துவிடும். குவிக் இருந்தால் வரிசைகள் ஒவ்வொன்றாக வந்து, எழுதப்பட்டு, போய்விடும். இல்லாவிட்டால் முழு டேபிளும் மெமரியில் ஏறிய பிறகுதான் முதல் வரியே எழுதப்படும். எங்கள் டேபிளில் ஸ்கேன் செய்த ரசீதுகள் பிளாப்களாக (டேபிளுக்குள்ளேயே வைத்த பைனரி தரவாக) இருந்தன. அது வளர வளர ஒரு நாள் இடம் போதாமல் போனது.

ஸ்கிப்-ஆப்ட்டை எடுத்துவிட்டு சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் என்ற தெரிவைப் போட்டேன். டேபிள்கள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருந்தால் இது போதும்: பூட்டும் இல்லை, தரவும் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும். மைஐசாம் என்ற பழைய வகை டேபிள் இருந்தால் அந்த உறுதி கிடையாது.

பிழை எண் 2020 என்றால் கதை வேறு. ஒரே ஒரு வரிசை, ஒரு தடவையில் அனுப்பக்கூடிய உச்சமான மேக்ஸ்-அலவுட்-பேக்கெட் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். டம்ப் நிரலுக்கு இயல்பாக 24 எம்பி, உச்சம் 1 ஜிபி. தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு, 137 என்ற முடிவு எண்ணோடு நின்றதா? பெரும்பாலும், மெமரி தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) வேலை. கர்னலின் டிமெசேஜ் பதிவில் அது எந்த நிரலைக் கொன்றது என்று இருக்கும். சில சமயம் கொல்லப்படுவது மைஎஸ்கியூஎல் சர்வரே. அப்போது டம்ப் பக்கம் இணைப்பு அறுந்தது என்ற 2013 பிழைதான் தெரியும். சின்ன மெஷினில் இன்னோடிபி பஃபர் பூலுக்கு (டேபிள் தரவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவுக்கு மீறி ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெமரியில் 80 சதவீதம் கொடுக்கலாம் என்பது டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் மெஷினுக்குச் சொன்ன கணக்கு.

இது எதுவும் இல்லையென்றால், கிரான் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவருக்கு யூலிமிட் கட்டளை என்ன மெமரி வரம்பு காட்டுகிறது என்று ஒரு பார்வை.

சரி, டம்ப் முழுதாக வந்துவிட்டதா? கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஸ்கிரிப்டே அதைத் தேடிப் பார்க்கட்டும், இல்லையென்றால் மெயில் அனுப்பட்டும். பிறகு வேறொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். பிளாப்களை ஹெக்ஸ் எழுத்துகளாக எழுதும் ஹெக்ஸ்-பிளாப் தெரிவு போட்டிருந்தால் 20 எம்பி ஸ்கேன் 40 எம்பி எழுத்தாகிவிடும். ஏற்றும் மைஎஸ்கியூஎல் கிளையண்டின் இயல்பான பேக்கெட் அளவு 16 எம்பிதான், அதனால் அங்கேயும் சர்வரிலும் அதை உயர்த்திவிட்டே ஏற்றுங்கள்.