ஆடித் தள்ளுபடியில் மனக்கணக்கு

தள்ளுபடி போக எவ்வளவு என்று பார்க்க போனை எடுக்க வேண்டியதில்லை. 10 சதவீதம் தெரிந்தால் போதும். விலையில் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளினால் அதுதான் 10 சதவீதம். 1,480 ரூபாய் சேலைக்கு 148. அதில் பாதி, 74, 5 சதவீதம். 35 சதவீதத் தள்ளுபடி என்றால் 148-ஐ மூன்று மடங்காக்கி 74-ஐக் கூட்டுங்கள்: 518. சேலை 962 ரூபாய்க்கு வரும். 40 சதவீதத்துக்கு மேல் போனால் கழிப்பதை விட்டுவிட்டு, கட்ட வேண்டிய பங்கை நேராகவே கணக்கிடலாம். 70 சதவீதத் தள்ளுபடி என்றால் நாம் கொடுப்பது 30 சதவீதம், அதாவது 148 மும்மடங்கு, 444.

ஏமாறும் இடம் '50% + 20%' அட்டைதான். அது 70 இல்லை. 2,000 ரூபாய் முதலில் 1,000 ஆகும். அந்த ஆயிரத்தில்தான் அடுத்த 20 சதவீதம் கழியும். கட்டுவது 800, மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்.

'2 வாங்கினால் 1 இலவசம்' ஒரே விலைத் துணிகளுக்கு 33 சதவீதம்தான். விலை வேறுபட்டால் பெரும்பாலும் குறைந்த விலைத் துணியைத்தான் இலவசமாகப் போடுவார்கள், அதனால் இன்னும் குறையும். அப்புறம், '50% வரை' என்பதில் அந்த 'வரை' எழுத்து எப்போதும் பொடியாகத்தான் இருக்கும்!