கொட்டேஷனில் தகடு தனி, கூலி தனி
உலோகத் தகட்டு வேலைக்கு வாடிக்கையாளரிடம் தரும் கொட்டேஷனில் (விலைப்புள்ளியில்) தகட்டின் தொகையை எடை, கிலோ விலை என்று தனி வரியில் எழுதி, அந்த விலை ஒரு வாரம்தான் செல்லும் என்று கெடு வையுங்கள். வெட்டு, வளைப்பு, வெல்டிங் கூலிக்கு ஒரு மாதம்கூடத் தரலாம். இறக்குமதி வரி ஏறித் தகட்டின் விலை கூடினால், கிலோ விலை என்ற ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். சாக்கோடு சாக்காகக் கூலியையும் ஏற்றிவிட்டார்களோ என்று வாடிக்கையாளர் சந்தேகப்படவும் மாட்டார்.

தகட்டின் எடையைக் கணக்கிட: நீளம், அகலம் மீட்டரில், தடிமன் மில்லிமீட்டரில். மூன்றையும் பெருக்கி, மைல்டு ஸ்டீலானால் 7.85, அலுமினியமானால் 2.7 கொண்டு பெருக்கினால் கிலோ கிடைக்கும். முடிந்த பாகத்தின் எடையைப் போடாதீர்கள், கழிவையும் சேர்த்துப் போடுங்கள் (பலருக்குக் கை சுடுவது இங்கேதான்).

விலை மாறக்கூடாது என்ற நிபந்தனையுள்ள டெண்டருக்கு இது உதவாது. அங்கே ஆர்டர் உறுதியான அன்றே தகட்டுக்கு விலை பேசி முடித்துவிட வேண்டும். கூலியே பெரும்பங்கான சில்லறை வேலைக்கு இந்த மெனக்கெடல் வேண்டாம்.