ஒரே மாதிரி இரண்டு குடும்பப் படகு: எதை எடுப்பது?

இரண்டும் 20 அடி. இரண்டிலும் எட்டுப் பேர் உட்காரலாம், முன்பக்கமான அணியத்திலும் மெத்தை போட்ட இருக்கை உண்டு. இந்த வகையை ‘பவ்ரைடர்’ என்பார்கள். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எஞ்சின் இருக்கும் இடம். ஒன்றில் அது பின்பக்கம் வெளியே தொங்குகிறது: அவுட்போர்ட். மற்றதில் எஞ்சின் உள்ளே பெட்டிக்குள், புரொப்பெல்லர் கால் மட்டும் வெளியே: ஸ்டெர்ன்டிரைவ். கனடாவில் டொரொண்டோவின் ஸ்காபரோவிலிருந்து பிள்ளைகளோடு சிம்கோ ஏரிக்குப் போகப் படகு தேடியபோது நாங்கள் இதில்தான் மாட்டிக்கொண்டோம்.

படி 1: படகை விடுங்கள், முதலில் அதை இழுக்கப்போகும் வண்டியைப் பாருங்கள்

விளம்பரத்தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. எஞ்சின் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். நான் போட்ட கணக்கு இது: படகு 1,000 கிலோ, 150 குதிரைத்திறன் மெர்க்குரி அவுட்போர்ட் சுமார் 206, தொட்டி நிறைய 130 லிட்டர் பெட்ரோல் 95, ட்ரெய்லர் 350, நங்கூரம், ஐஸ் பெட்டி, உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் 70. மொத்தம் 1,720 கிலோ தாண்டிவிட்டது. நம்மவர்கள் பலரிடம் இருக்கும் சியன்னா வான் இழுக்கக்கூடியது சுமார் 1,590 கிலோதான். ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சின் பொதுவாக இன்னும் கனம். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் அதற்குத் தனி பிரேக்கும் வேண்டும். ஆக, படகு தேடப் போன நாங்கள் வண்டி மாற்றுவதைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

படி 2: நவம்பரை நினைத்துப் பாருங்கள்

எல்லோரும் ஜூலையை நினைத்துத்தான் படகு வாங்குகிறார்கள். அவுட்போர்ட்டை நேராக நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஸ்டெர்ன்டிரைவில் அப்படி இல்லை. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினில் தங்கிய தண்ணீரை வடித்தே ஆக வேண்டும், மறந்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். புரொப்பெல்லர் கால் வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் உறையையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிழிந்தால் படகுக்குள் தண்ணீர். இன்னொன்று: எஞ்சின் பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும் என்பதால் ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓட விடுவது கனடாவில் சட்டம்.

படி 3: பிள்ளைகள் எந்த வழியாக ஏறுவார்கள்?

இங்கே ஸ்டெர்ன்டிரைவ்தான் ராஜா. பின்னால் முழு அகலத்துக்கும் மேடை, கால் தொங்கப்போட்டு உட்காரலாம். அவுட்போர்ட்டில் மேடை நடுவே எஞ்சின் நிற்பதால் இரு பக்கமும் சின்னச் சின்னத் திண்ணை. எதை வாங்கினாலும், ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நியூட்ரல் போதாது.

படி 4: ஒரே நாளில் இரண்டையும் ஓட்டுங்கள்

வாங்கினால் யார் யார் ஏறுவார்களோ அவர்களை ஏற்றிக்கொண்டு போங்கள். சிம்கோ ஆழம் குறைந்த ஏரி, காற்று வந்தால் குட்டை அலை சட்டென்று எழும். பின்பக்க அடித்தளம் கூர்மையாகச் சரிந்த படகு அலையை வெட்டிப் போகும், நிற்கும்போது மட்டும் கொஞ்சம் அதிகம் ஆடும். பிறகு முழு வேகம் கொடுத்து, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண், எஞ்சின் புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் வருகிறதா பாருங்கள். நான் சொன்ன மெர்க்குரிக்கு அது 5,000 முதல் 5,800. எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பொருத்தமில்லை, அல்லது எஞ்சினில் கோளாறு. பழைய படகானால் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

முன்பணம் கொடுப்பதாக இருந்தால், ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நாங்கள் அவுட்போர்ட்டை எடுத்தோம், வண்டியையும் மாற்றினோம். அந்த மேடை போனதில் மகளுக்கு இன்னும் வருத்தம்தான்.