நாய்க்குட்டியைக் குளியலுக்கும் சீவலுக்கும் நகம் வெட்டுவதற்கும் பழக்குவது எப்படி?

ஒரு நாய் நம்மோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்கிறது என்றால், அத்தனை ஆண்டுகளும் அதைக் குளிப்பாட்ட வேண்டும், முடியைச் சீவ வேண்டும், நகத்தை வெட்ட வேண்டும், காதையும் பல்லையும் பார்க்க வேண்டும். இந்த வேலைகள் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டாக முடியுமா, அமைதியாக நடந்தேறுமா என்பதைக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களே பெரிதும் தீர்மானித்துவிடுகின்றன. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை நாய்க்குட்டியின் மூளை புதிய ஒலிகளையும் பொருள்களையும் தொடுகையையும் பெரிய அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. 8 வார வயதில் குட்டி வீட்டுக்கு வந்தால், அந்தப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது ஆறு வாரங்கள் மட்டுமே. அதற்குப் பின்னும் பழக்க முடியும் என்றாலும், அதே பாடத்துக்குப் பல மடங்கு பொறுமையும் நாள்களும் தேவைப்படும்.

வந்த நாளிலேயே குட்டியைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து, அறியாத இடத்தில், அறியாத வாசனைகளுக்கு நடுவே நிற்கும் ஓர் உயிருக்கு நம் கைகள் தரும் முதல் அனுபவம் அதுவாக இருக்கக் கூடாது. உடம்பில் அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுத்தாலே போதும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டிய பயிற்சி தொடுகை மட்டுமே. குட்டி விளையாடிக் களைத்துப் படுத்திருக்கும் நேரத்தில் அதன் தோளை ஒரு நொடி தொட்டு, கையை எடுத்து, பிறகு ஒரு சிறு துண்டுத் தின்பண்டத்தைக் கொடுக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் எந்நாளும் மாற்றக் கூடாது. முதலில் தொடுகை, அதன் பின்னரே தின்பண்டம். பலரும் தின்பண்டத்தைக் காட்டிக் குட்டியை அருகே வரவழைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது காலைப் பிடித்து நகத்தை வெட்டப் பார்க்கிறார்கள். அப்போது தின்பண்டமே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடுகிறது. சில நாள்களில் தின்பண்டத்தைக் கண்டாலே குட்டி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. தொடுகை முந்தி வந்தால்தான் ‘இந்தக் கை என் காலைத் தொட்டால் நல்லது ஒன்று வரும்’ என்று அது எதிர்பார்க்கக் கற்றுக்கொள்ளும். இக்கட்டுரையில் இனி வரும் ஒவ்வொரு படிக்கும் இந்த ஒரு விதியே அடிப்படை.

தோளைத் தொடுவது பழகியதும் முதுகு, மார்பு, காதுமடல், வால், வயிறு, கடைசியாகப் பாதம் என்று நகரலாம். பாதமும் வாயும் பெரும்பாலான நாய்கள் தயங்கிக் கொடுக்கும் இடங்கள் என்பதால், அவற்றுக்குக் கூடுதலாகச் சில நாள்களை ஒதுக்குவது நல்லது. இன்று பாதத்தைத் தொடுவது, இரண்டு நாள் கழித்து ஒரு நொடி பிடிப்பது, பிறகு விரல்களுக்கு இடையே விரலை நுழைத்துப் பார்ப்பது என்று மெல்ல ஏற வேண்டும். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். குட்டி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பது போல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சியை முடித்துவிட வேண்டும்.

குட்டி தன் சங்கடத்தை எப்படிச் சொல்கிறது என்பதையும் நாம் படித்துக்கொள்ள வேண்டும். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, அசையாமல் உறைந்து நிற்பது ஆகிய அனைத்தும் ‘போதும்’ என்பதற்கான மொழிகள். இவற்றுள் உறைந்து நிற்பதே மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ‘எவ்வளவு சமர்த்தாக நிற்கிறது’ என்று நாம் மகிழும் அந்த நேரத்தில் குட்டி அச்சத்தின் உச்சியில் இருக்கக்கூடும். உறுமினால் அதட்டவோ அடிக்கவோ கூடாது. உறுமலுக்குத் தண்டனை பெற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. கையை எடுத்துவிட்டு, அதற்கு முன் எந்தப் படியில் குட்டி இயல்பாக இருந்ததோ அந்தப் படிக்குத் திரும்புவதே சரியான பதில்.

சீப்பை முதலில் தரையில் வைத்துக் குட்டியை முகர்ந்து பார்க்க விடுங்கள். பிறகு சீப்பின் பின்புறத்தால் முதுகில் ஒரு முறை வருடி, தின்பண்டம் கொடுங்கள். அதன் பின்னரே பற்கள் உள்ள பக்கம். குட்டைமுடி நாய்களுக்கு ரப்பர் தூரிகை போதும். நீண்ட முடியும் சுருட்டை முடியும் உள்ள இனங்களுக்கு மெல்லிய கம்பித் தூரிகையுடன் ஓர் உலோகச் சீப்பும் தேவைப்படும். காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் தொடையின் உட்புறத்திலும்தான் முடி முதலில் சிக்குப் பிடிக்கும். அங்கே வேர்ப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்தால் தோல் இழுபடாது. குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நனைந்து காய்ந்த சிக்கு இன்னும் இறுகித் தோலையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

குளியல் பயிற்சியும் தண்ணீரில்லாமல்தான் தொடங்குகிறது. குட்டியின் கண்ணோட்டத்தில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்: வழுக்கும் தரை, எதிரொலிக்கும் சுவர், மேலிருந்து விழும் நீரின் இரைச்சல். பல நாய்கள் வெறுப்பது தண்ணீரை அன்று, காலுக்குப் பிடிப்பில்லாத அந்தத் தரையைத்தான். ஆகவே டப்பின் அடியில் ரப்பர் விரிப்பையோ தடித்த துண்டையோ போட்டு, உலர்ந்த டப்பில் குட்டியை நிறுத்தித் தின்பண்டம் கொடுத்து வெளியே எடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, கணுக்கால் நனையும் அளவுக்கு மட்டும் நீர் இருக்கட்டும். குட்டி உள்ளே இருக்கும்போது குழாயைத் திறக்காமல், முன்பே நீரை நிரப்பி வையுங்கள். நக்கித் தின்னும் பசை போன்ற உணவை டப்பின் சுவரில் தடவி வைப்பது நல்ல உபாயம். ஆனால் நிலக்கடலை வெண்ணெயைப் பயன்படுத்துவதானால் அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அது நாய்களுக்குக் கொடிய நஞ்சு.

முழுக் குளியலுக்கான நாளில் கதவு, ஜன்னலை மூடிக் காற்று வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இதமான சூடு என்று தோன்றும் நீர்கூடக் குட்டிக்கு மிகுதியாகிவிடலாம். முன்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்தால் சூடும் குளிர்ச்சியும் உறைக்காத வெதுவெதுப்பே சரியான பதம். ஷவரின் இரைச்சலைத் தவிர்த்து, குவளையால் கழுத்துக்குக் கீழே, உடலை ஒட்டினாற்போல் மெல்ல ஊற்ற வேண்டும். தலையில் ஊற்றவே தேவையில்லை; முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது; ஆகவே நாம் பயன்படுத்தும் ஷாம்பூவோ சோப்போ, குழந்தைகளுக்கானதாகவே இருந்தாலும், வேண்டாம். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான மருந்து ஷாம்பூக்களில் பல மிக இளங்குட்டிகளுக்கு ஏற்றவை அல்ல என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. நுரை போடுவதற்கு ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் அலசுவதற்கு ஆக வேண்டும். வயிற்றிலும் இடுக்குகளிலும் தங்கிவிடும் ஷாம்பூதான் பிறகு அரிப்பாக வெளிப்படுகிறது.

குளியல் முடிந்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையரைத் தனிப் பாடமாகவே கொள்ள வேண்டும். முதலில் அடுத்த அறையில் ஓடவிட்டு இங்கே தின்பண்டம், பிறகு அதே அறையின் மறுமூலையில், அதன்பின் மிகக் குறைந்த வேகத்தில், சூடில்லாத காற்று உடலின் பின்பகுதியில் மட்டும் படும்படி என்று, ஒரு வாரமோ இரண்டு வாரமோ எடுத்துக்கொள்ளலாம். அதுவரை துண்டுகளே போதும்.

நகம் வெட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே ஒரு வலி பல மாதப் பழக்கத்தைக் கலைத்துவிடும். நகத்துக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ள சதைப்பகுதி இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது என்பதால், நுனியிலிருந்து மிகமிக மெல்லிய சீவல்களாக எடுத்து, வெட்டிய முகத்தின் நடுவே கரும்புள்ளி ஒன்று தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்தில் நகவெட்டியைப் பாதத்தில் வைத்து எடுப்பதும், ஒரு குச்சியை வெட்டி அதன் சத்தத்தைப் பழக்குவதுமே பயிற்சி. முதல் நாள் ஒரே ஒரு நகம், அதுவும் நுனி மட்டும். நான்கு கால்களையும் ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாளுக்கு ஒரு விரல் என்று வெட்டியே பழக்கப்பட்ட நாய், வளர்ந்த பின் தானாகவே காலை நீட்டிப் படுப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு பெரிது. முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் நகம் தரையில் உரசித் தேய்வதில்லை என்பதால், மறந்துவிட்டால் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிவிடும். தவறி இரத்தம் வந்தால் அதற்கென்றுள்ள ஸ்டிப்டிக் தூளையோ, அது கையில் இல்லையென்றால் சோளமாவையோ வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உட்பக்கம் வளைவதால் உள்ளே போன ஈரம் எளிதில் வெளிவராது. மடலின் உட்புறத்தையும் கண்ணுக்குத் தெரியும் பகுதியையும் மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடக் கூடாது. துர்நாற்றமோ சிவப்போ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் துலக்குவதற்கு விரலில் சுற்றிய ஈரத்துணியே தொடக்கக் கருவி. 28 பால்பற்களும் விழுந்து 42 பற்கள் முளைக்கும் பருவம் ஏறத்தாழ ஏழாம் மாதம் வரை நீடிப்பதால், ஈறு வீங்கியிருக்கும் நாள்களில் அழுத்தாமல் விட்டுவிடலாம். பற்பசை நாய்களுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

எல்லாம் நன்றாகப் பழகிவிட்டது என்று நாம் நம்பும் ஆறு, ஏழு மாத வயதில், வளரிளம் பருவத்தில், சில நாய்கள் திடீரென்று சீப்பைக் கண்டு பின்வாங்கும், டப்பில் இறங்க மறுக்கும். அப்போது பலத்தைக் காட்டாமல் மறுபடி உலர்ந்த டப்புக்கும் சீப்பின் பின்புறத்துக்கும் திரும்புங்கள். முதல் முறை மூன்று வாரம் எடுத்த படிகளை இந்த முறை அது பெரும்பாலும் மூன்று, நான்கு நாள்களிலேயே கடந்துவிடும்.