ஜிக்குக்கு எந்த அளவு காந்தம் போடுவது?

நியோடிமியம் காந்தத்தின் பாக்கெட்டில் 6 கிலோ என்று போட்டிருந்தால், ஜிக்கில் (வேலைப்பொருளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் அமைப்பில்) அந்த 6 கிலோ கிடைக்காது. பெயின்ட் இல்லாத, தடித்த, வழவழப்பான இரும்பில் முழுசாக ஒட்டவைத்து, செங்குத்தாக இழுத்துப் பிரிக்கும்போது வரும் கணக்கு அது. ஜிக்கில் தள்ளு பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். அங்கே தாங்குவது உராய்வுதான். வழவழப்பான இரும்பில், போட்டிருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரில்லிங் மெஷினின் வார்ப்பிரும்பு டேபிளில் மர ஃபென்ஸை (கட்டையை ஒட்டி வைக்கும் தடுப்பை) நிறுத்த வேண்டும். கட்டை அதை 5 கிலோ அளவுக்குத் தள்ளும். அப்படியென்றால் 25 கிலோ இழுவிசை தேவை. அதிர்வுக்கும் தூசிக்குமாக இரட்டிப்பாக்கினால் 50. 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள என்42 (காந்தத்தின் பலத்தைக் குறிக்கும் கிரேடு) வட்டுக் காந்தம் ஏட்டில் சுமார் 6 கிலோ பிடிக்கும். மரத்துக்குள் அரை மி.மீ. தாழ்ந்துவிட்டால் 4 என்றுதான் வையுங்கள். ஆக, பதின்மூன்று காந்தம்! அதற்குப் பதில், இரும்புக் கிண்ணத்துக்குள் வரும் 32 மி.மீ. பாட் காந்தம் இரண்டு போதும். ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. ஆனால் அது டேபிளைத் தொட்டே இருக்க வேண்டும். மெல்லிய இடைவெளி வந்தாலும் வட்டுக் காந்தத்தைவிட வேகமாகப் பலம் இழக்கும்.

இதைவிட நல்ல வழி, ஃபென்ஸின் அடியில் டேபிள் விளிம்பில் மாட்டும்படி ஒரு பட்டி அடிப்பது. தள்ளு வரும் பக்கத்தைப் பட்டி தாங்கும். காந்தம் தூக்காமல் பிடித்தால் போதும். துளை போடும் பொருளை மட்டும் காந்தத்தை நம்பி விடாதீர்கள். பிட் சிக்கினால் சுழற்றி வீசிவிடும்.

டெம்ப்ளேட்டையோ சிறு மூடியையோ பிடிக்க 10 × 3 மி.மீ. தாராளம். எதிர்ப்பக்கம் ஸ்க்ரூ தலை வேண்டாம், காந்தத்தைவிட அகலமான இரும்பு வாஷர் வையுங்கள். 20 மி.மீ. காந்தத்துக்கு 2–3 மி.மீ. தடித்த இரும்பு வேண்டும். மெல்லிய தகரத்தில் எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் வீண். பலம் போதவில்லை என்றால் என்52-க்குத் தாவாமல் விட்டத்தைக் கூட்டுங்கள். அதே அளவில் என்42-ஐவிட என்52 கால்பங்கு அளவுக்குத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

பதிப்பதில்தான் நிறைய பேருக்குச் சிக்கல். அடி தட்டையாக வரும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டால், காந்தத்தின் தடிமனைவிட 0.2 மி.மீ. மட்டும் ஆழமாகத் துளை போடுங்கள். துளையின் ஓரத்தில் பிளேடால் ஒரு சிறு கோடு கீறிவிட்டால் காற்றும் மிகுதிப் பசையும் வெளியேறும். இல்லையென்றால் காந்தம் மேலே எழும்பி நிற்கும். நிக்கல் பூச்சில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, எப்பாக்ஸி போடுங்கள். சூப்பர் குளூ அதிர்வில் விட்டுவிடும். காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றின் மேல்முகத்திலும் மார்க்கரால் புள்ளி வைத்த பிறகே பிரியுங்கள். புள்ளி இல்லாமல் பதித்தால் ஒன்றாவது தலைகீழாகிவிடும். இரண்டு பாகங்கள் காந்தத்தோடு காந்தமாகச் சேரும் ஜிக்கில் அது தள்ளிக்கொண்டே நிற்கும். மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து மரக்கட்டையால் அழுத்துங்கள். இரும்பு கிளாம்ப் கிட்டே வந்தாலே ஈரப் பசையிலிருந்து காந்தம் துள்ளி வெளியே வந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தொட வேண்டாம்.

வெல்டிங் ஜிக்கில் என்42, என்52 போன்ற சாதாரண கிரேடு வேண்டாம். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இழந்த பலம் ஆறிய பிறகும் திரும்பாது.